விலங்குகளை விரட்டும் ஹெலிகாப்டர்கள்: தாழப் பறத்தலும் விபத்துகளும்

திறந்த வெளியில் திரியும் காட்டு விலங்குகளையும், மனிதர் கைபடாமல் வளர்ந்து காட்டு விலங்கு போலவே ஆகிவிட்ட மாடு, எருமை, குதிரைகளையும் ஹெலிகாப்டரில் தாழப் பறந்து விரட்டி ஓரிடத்தில் சேர்ப்பது சில நாடுகளில் அன்றாடத் தொழில் ஆகும். ஆஸ்திரேலியாவின் வடபகுதி, நியூசிலாந்தின் மலைகள், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள், தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய இடங்களில் இது பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. மர உச்சிக்கும் கீழே, சில நேரம் ஒரு வீட்டின் உயரத்தில் பறந்து செய்ய வேண்டிய வேலை இது. விபத்துகளும் அடிக்கடி நேர்கின்றன.

இத்தகைய விபத்து பற்றிய செய்தி பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும். படிப்பவர், விமானி துணிச்சல் காட்டப் போய் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வார். புலனாய்வு அறிக்கைகள் காட்டுவது வேறு. பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம் மிகச் சாதாரணமானது: எரிபொருள் தீர்ந்தது, காற்று முதுகுப் பக்கம் வந்தது, ஒரு கம்பி கண்ணில் படவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறந்திருந்தால் இவற்றில் பல விபத்தாகவே ஆகியிருக்காது. கம்பிக்கு அங்கே இடமே இல்லை; மற்றவற்றுக்கு மாற்று வழி தேட நேரம் கிடைத்திருக்கும். தாழப் பறக்கும்போது அந்த நேரம் இல்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரை. (உலங்கு வானூர்தி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருந்தாலும், மாணவர்களுக்குப் பழகிய ஹெலிகாப்டர் என்ற சொல்லையே இங்குப் பயன்படுத்தியிருக்கிறேன்.)

விரட்டும் முறைகள்

தென்னாப்பிரிக்காவில் வழங்குவது "போமா" முறை. போமா என்பது பட்டி அல்லது அடைப்பு. புல்வெளியில் புனல் வடிவில் இரண்டு நீண்ட திரைகளைக் கட்டுவார்கள். வாய்ப்பக்கம் அகலமாக இருக்கும், உள்ளே போகப்போகக் குறுகும், கடைசியில் லாரியில் ஏற்றும் சாய்வுப்பாதை. தொடக்கத்தில் இதற்கு வலைகளே பயன்பட்டன. விலங்குகள் அவற்றில் சிக்கிக் காயமடைந்தன. 1960-களின் பிற்பகுதியில் நேட்டால் பகுதியில் பணியாற்றிய யான் ஊலோஃப்சே என்பவர் வலைக்குப் பதிலாக ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் திரையைப் பயன்படுத்தினார். வரிக்குதிரையோ மானோ நினைத்தால் அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் அதன் கண்ணுக்கு அது சுவர். மோதாமல் திரும்பிவிடுகிறது. ஹெலிகாப்டர் பின்னாலிருந்து மந்தையைத் தள்ளிக்கொண்டு வரும். மந்தை உள்ளே நுழைந்ததும், ஒளிந்திருக்கும் ஆட்கள் குறுக்குத் திரையை இழுத்து மூடுவார்கள்.

அமெரிக்காவில் காட்டுக் குதிரைகளைப் பிடிப்பதும் இது போன்றதே. அங்கே இதன் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. விமானத்தாலும் மோட்டார் வண்டியாலும் குதிரைகளைத் துரத்திப் பிடித்து இறைச்சிக்கு விற்றதை எதிர்த்து, நெவாடா மாநிலத்தின் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1959-ல் பொது நிலங்களில் அப்படித் துரத்துவது தடை செய்யப்பட்டது. 1971-ல் காட்டுக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எண்ணிக்கை பெருகவே, 1976-ல் வந்த மற்றொரு சட்டம் அரசுப் பணிக்கு மட்டும் ஹெலிகாப்டரை மறுபடி அனுமதித்தது. இன்றும் அந்த முறைதான் நடப்பில் உள்ளது. பட்டியின் வாயருகே பழக்கப்பட்ட குதிரை ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். மந்தை நெருங்கும்போது அதை அவிழ்த்துவிட்டால், அது தனக்குத் தெரிந்த பட்டிக்குள் ஓடும். மற்றவை பின்னால் ஓடும். அதற்கு "யூதாஸ் குதிரை" என்று பெயர். பொருத்தமான பெயர்தான், பாவம் அந்தக் குதிரைக்குத்தான் தான் செய்வது என்னவென்று தெரியாது.

நியூசிலாந்தில் கதை வேறு. ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட சிவப்பு மான்கள், கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாத மலைகளில் பெருகி, காட்டையே அழிக்கத் தொடங்கின. அரசு ஆள் வைத்துச் சுட்டும் தீரவில்லை. 1960-களில் ஹெலிகாப்டரில் சென்று மானைச் சுட்டு இறைச்சியை ஏற்றுமதி செய்யும் தொழில் பிறந்தது. 1970-களில் மான் பண்ணைகள் வந்ததும், உயிருள்ள மானுக்கு விலை ஏறியது. மானை விரட்டிச் சென்று, ஹெலிகாப்டரின் சறுக்குக் கட்டையில் நிற்கும் ஆள் அதன் மேல் குதித்துப் பிடிப்பதும் உண்டு. பிற்பாடு வலைத் துப்பாக்கி வந்தது. இந்தத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரும் பின்னாளில் "சர்" பட்டம் பெற்றவருமான டிம் வாலிஸ், 1968-ல் ஹெலிகாப்டர் விபத்தில் முதுகில் கடுமையாக அடிபட்டு ஒரு கால் செயலிழந்தார். அதன் பிறகும் பறந்தார்.

ஆஸ்திரேலியாவில் மாடு வளர்க்கும் பெரும் பண்ணைகளை "ஸ்டேஷன்" என்பார்கள். ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புள்ளவை உண்டு. குதிரையில் போய் வாரக்கணக்கில் செய்த வேலையை ஹெலிகாப்டர் சில நாளில் முடித்தது. 1970 முதல் 1997 வரை நாடு முழுவதும் நடந்த கால்நடைக் காசநோய், புருசெல்லா நோய் ஒழிப்பு இயக்கம் இதற்கு மேலும் ஒரு உந்துதல். 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டுக் காடேறிவிட்ட நீர் எருமைகளை வட ஆஸ்திரேலியாவின் சதுப்பு நிலங்களில் தேடிப் பிடிக்கவும் அழிக்கவும் வேண்டியிருந்தது. அங்கே ஜீப்பும் போகாது, குதிரையும் போகாது.

உயரம் ஏன் உயிர் காக்கிறது

பள்ளி இயற்பியலில் வரும் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். தடையின்றி விழும் பொருள் 100 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய 4.5 விநாடி ஆகும். 20 மீட்டரிலிருந்து 2 விநாடி. 10 மீட்டரிலிருந்து 1.4 விநாடி. இருபது மீட்டரிலிருந்து விழுவது தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 71 கிலோமீட்டர். பத்து மீட்டரிலிருந்து என்றால் சுமார் 50 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் கல்லைப் போல விழாது என்பது உண்மை. ஆனாலும் விமானியின் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு சிறிது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் விழுந்துதான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மகாகனி மரத்தின் விதை கீழே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை இறக்கையோடு சுற்றிக்கொண்டே மெதுவாக இறங்கும். அதைச் சுற்றுவது எந்த எஞ்சினும் அல்ல. கீழிருந்து மோதும் காற்று. ஹெலிகாப்டரிலும் இதையே செய்யலாம். எஞ்சின் நின்ற உடனே விமானி இடக்கையில் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளி, சுழலி இறக்கைகளின் சாய்வைக் குறைக்க வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கும். கீழிருந்து வரும் காற்று சுழலியைத் தொடர்ந்து சுற்ற வைக்கும். தரைக்கு அருகில் வந்ததும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, கடைசி நொடியில் நெம்புகோலை மேலே இழுத்தால், சுழலியில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல் ஒரே ஒரு முறை தூக்கிப் பிடிக்கும். அதில் மெத்தென்று இறங்கிவிடலாம். இதற்குத் தற்சுழற்சி இறக்கம் என்று பெயர். ஒவ்வொரு ஹெலிகாப்டர் விமானியும் உரிமம் பெறுவதற்கு முன் இதைப் பயில்கிறார்.

இதற்கு மூலதனம் இரண்டு: உயரம், முன்னோக்கிய வேகம். ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுகட்டலாம். இரண்டும் இல்லாவிட்டால் செலவழிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் இரு அச்சுகளாகக் கொண்ட ஒரு வரைபடம் இருக்கும். எந்த உயரத்தில் எந்த வேகத்துக்குக் கீழே போனால் எஞ்சின் நின்றபின் பத்திரமாக இறங்க முடியாது என்பதை அது நிழலிட்டுக் காட்டும். விமானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "இறந்தவனின் வளைகோடு". வரைபடத்தின் அடியில் இன்னொரு நிழற்பகுதியும் உண்டு. அது மிகத் தாழ்வாக, மிக வேகமாகப் பறக்கும் நிலை. அங்கே வேகம் இருக்கிறது, ஆனால் கை அசைவதற்குள் தரை வந்துவிடும்.

விலங்கு விரட்டும் ஹெலிகாப்டரின் ஒரு மணி நேர வேலையைக் கற்பனை செய்யுங்கள். புதருக்குள் ஒதுங்கிய எருமையைக் கிளப்ப அதன் தலைக்கு மேல் அசையாமல் நிற்கிறது. அது ஓடியதும் ஐந்து மீட்டர் உயரத்தில் துரத்துகிறது. அது திரும்பியதும் இதுவும் குறுக்கே திரும்பி மறிக்கிறது. அதாவது, வரைபடத்தின் இரண்டு நிழல்களுக்குள்ளும் மாறி மாறிப் போய்வருகிறது. சாதாரணப் பயணத்தில் ஹெலிகாப்டர் அந்த நிழலைப் புறப்படும்போதும் இறங்கும்போதும் சில நொடிகள் தொட்டுச் செல்லும். இங்கே வேலை நேரம் முழுவதும் அதற்குள்ளேதான்.

வழியைத் தீர்மானிப்பது விலங்கு

மற்ற வான்பணிகளில் எங்கே பறப்பது என்பதை விமானி தீர்மானிக்கிறார். பயிருக்கு மருந்து தெளிப்பவர்கூட வயலைச் சுற்றிப் பார்த்து, காற்றைக் கணித்து, கோடு போட்டதுபோலப் பறக்கலாம். விரட்டும் வேலையில் அது முடியாது. மான் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்குக் காற்றின் திசையைப் பற்றிக் கவலை இல்லை.

இதிலிருந்து வரும் ஆபத்துகளில் மிக நுட்பமானது பின்காற்று. ஹெலிகாப்டர் அசையாமல் நிற்பதற்கு நிறைய ஆற்றல் தேவை. முன்னோக்கிய காற்று வேகம் மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் அளவைத் தாண்டும்போது சுழலிக்குக் கலங்காத புதுக் காற்று கிடைக்கிறது, தூக்குவது எளிதாகிறது. இப்போது மந்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், காற்று வீசும் திசையிலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் 30. மந்தையோடு சேர்ந்து பறக்கும் விமானிக்குத் தரை வேகமாக ஓடுவது தெரிகிறது, நல்ல வேகத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் ஹெலிகாப்டருக்குக் கிடைக்கும் காற்று வேகம் வெறும் 10. தெரியாமலேயே அசையாமல் நிற்கும் நிலைக்கு அருகில் வந்துவிட்டார். தேவைப்படும் ஆற்றல் திடீரென ஏறுகிறது. வெயில் காலமானால் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினின் பலமும் குறைந்திருக்கும். ஹெலிகாப்டர் அமிழத் தொடங்கும். நெம்புகோலை இழுத்தால் சுழலியின் வேகம் குறையும்; மேலும் அமிழும்.

வால் சுழலியும் இந்த நேரத்தில்தான் கைவிடும். மேலே உள்ள பெரிய சுழலி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பதே வாலில் உள்ள சிறு சுழலியின் வேலை. குறைந்த வேகத்தில், பக்கவாட்டிலோ பின்னாலோ காற்று வீசும்போது, அந்தத் தடுப்பு போதாமல் போகலாம். ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். வேகம் கூட்டிச் சமாளிக்கத் தேவையான உயரம் இருந்தால் பிழைக்கலாம்.

கவனச் சிதறல் என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அந்தச் சொல் சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. விமானியின் கவனம் சிதறவில்லை. ஒரே இடத்தில், விலங்கின் மேல், அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது. பின்பக்க மரக்கிளை, எரிபொருள் காட்டும் முள், அருகில் பறக்கும் மற்றொரு ஹெலிகாப்டர் ஆகியவை பார்வைக்கு வெளியே போய்விடுகின்றன. பெரிய பண்ணைகளில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று ஹெலிகாப்டர்கள் சேர்ந்து விரட்டுவது வழக்கம். 2024 ஜூலை 25 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் மவுண்ட் ஆண்டர்சன் ஸ்டேஷனில் காலையில் மாடு விரட்டக் கிளம்பிய இரண்டு சிறு ஹெலிகாப்டர்கள் புறப்பட்ட சற்று நேரத்தில் வானிலேயே மோதிக்கொண்டன. இரண்டு விமானிகளும் இறந்தனர்.

அவசரப்படுத்தும் காரணம் ஒன்றும் உண்டு. அது நல்ல நோக்கத்திலிருந்து வருவது. நீண்ட நேரம் துரத்தப்படும் மான் போன்ற விலங்குகளுக்கு உடல் வெப்பம் ஏறி, தசைகள் சிதைந்து, பிடிபட்ட பிறகும் இறக்க நேரிடும். அதனால் துரத்தும் நேரத்தைச் சுருக்க வேண்டும் என்பது விலங்கு மருத்துவர்களின் கண்டிப்பு. விலங்குக்கு நல்லது விரைவு. விமானிக்கு நல்லது, ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஏறி, காற்றைப் பார்த்து மறுபடி வருவது. இரண்டும் ஒத்துப்போவதில்லை.

ஆர்-22 என்னும் சிறு எந்திரம்

ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளில் அதிகம் காணப்படுவது ராபின்சன் ஆர்-22. அமெரிக்கரான ஃபிராங்க் ராபின்சன் வடிவமைத்தது. 1975-ல் முதலில் பறந்தது, 1979-ல் சான்று பெற்றது. இருவர் அமரலாம். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 622 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தனிமனிதர் சொந்தமாக வாங்கி ஓட்டக்கூடிய மலிவான ஹெலிகாப்டர் வேண்டும் என்பதே ராபின்சனின் எண்ணம்; மாடு விரட்டுவது அவர் மனத்தில் இருந்ததில்லை. விலை குறைவு, செலவு குறைவு, சட்டெனத் திரும்பும் என்பதால் பண்ணைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டனர்.

எடை குறைந்த சுழலி என்பதால் அதில் சேரும் சுழற்சி ஆற்றலும் குறைவு. எஞ்சின் நின்றால், ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நெம்புகோலைத் தாழ்த்தியாக வேண்டும். தாமதித்தால் சுழலியின் வேகம் திரும்பப் பெற முடியாத அளவுக்கு விழுந்துவிடும். கனமான பம்பரம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், காகிதப் பம்பரம் உடனே சாயும், அதே கணக்குத்தான்.

எஞ்சினின் சுழற்சியைச் சுழலிக்குக் கொண்டு செல்வது, மாவு மில்லில் பார்ப்பது போன்ற பெல்ட்டுகள். ஏறி இறங்கி, நின்று திரும்பி, எஞ்சினை முழு பலத்துக்கு முடுக்கிக்கொண்டே இருக்கும் விரட்டும் வேலையில் அவை அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகின்றன. பெல்ட் கெட்டு நிகழ்ந்த விபத்துகளைத் தொடர்ந்து ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் இதைத் தனியாகவே ஆராய்ந்தது.

இன்னொரு ஆபத்து இரண்டு இறக்கை கொண்ட சுழலிக்கே உரியது. ஏற்ற இறக்கப் பலகை போல நடுவில் ஒரு கீலில் ஆடும்படி அது பொருத்தப்பட்டிருக்கும். சுழலி தூக்கிக்கொண்டிருக்கும் வரை உடல் அதன் கீழே ஊசல் போலத் தொங்கும். மந்தை ஒரு மேட்டைத் தாண்டி மறைகிறது. விமானி மேட்டைத் தாண்டியதும் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளுகிறார். ரோலர் கோஸ்டரில் வயிறு மேலே எழும்புமே, அந்த உணர்வு. அந்த நொடியில் உடல் சுழலியில் தொங்கவில்லை. வால் சுழலியின் தள்ளலால் ஹெலிகாப்டர் வலப்புறம் உருளத் தொடங்கும். உள்ளுணர்வு இடப்புறம் திருப்பச் சொல்லும். அப்படிச் செய்தால் உருளல் நிற்காது. சுழலியின் மையம் அதைத் தாங்கும் தண்டில் இடித்து, தண்டு முறியலாம். சரியான செயல், முதலில் கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சுழலிக்கு மறுபடி எடையைக் கொடுப்பது. உள்ளுணர்வுக்கு எதிரான இதைச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். 1995-ல் அமெரிக்க அரசு ஆர்-22, ஆர்-44 விமானிகளுக்கென்றே தனிப் பயிற்சி விதியைக் கொண்டுவந்ததற்கு இத்தகைய விபத்துகளே காரணம்.

கம்பிகள்

ஆளில்லாத வெளியில் கம்பி ஏது என்று கேட்கலாம். தொலைதூரப் பண்ணைகளுக்கு மின்சாரம் கொண்டுபோக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒற்றைக் கம்பி முறை பரவலாக உள்ளது. திரும்பும் பாதைக்குப் பூமியையே பயன்படுத்துவதால் ஒரு கம்பி போதும். கம்பங்களுக்கு இடையே வெகு தூரம் இருக்கும். மெல்லிய ஒற்றைக் கம்பியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் பார்த்துத் திரும்புவது அரிது. கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்பது இத்துறையில் பாலபாடம். அந்தக் கம்பி அங்கே இருப்பது விமானிக்கு முன்பே தெரிந்திருந்தும், வேலை மும்முரத்தில் மறந்து மோதிய விபத்துகள் உண்டு.

2010 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடா அடிவாரத்தில் மான் கணக்கெடுக்கச் சென்ற ஹெலிகாப்டர் மின்கம்பியில் மோதி விழுந்தது. விமானியும், மாநில மீன், வனவிலங்குத் துறையைச் சேர்ந்த மூவரும் இறந்தனர். விரட்டுவதற்கல்ல, எண்ணுவதற்காகப் போனவர்கள். விலங்கைப் பார்க்க வேண்டுமானாலும் தாழத்தான் பறக்க வேண்டியிருக்கிறது.

கிங் ஆறு, 2022

விலங்கு விரட்டும் பணிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு விபத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், ஆர்னம் நிலப் பகுதியில், உவர்நீர் முதலைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பண்ணைகளில் பொரிக்க வைக்கும் தொழில் அரசு அனுமதியோடு நடக்கிறது. கூடுகள் சேற்றுச் சதுப்பில் இருக்கும். தாய் முதலை பக்கத்திலேயே காவல் இருக்கும். எனவே ஹெலிகாப்டரிலிருந்து நீண்ட கயிற்றில் ஒருவரைத் தொங்கவிட்டுக் கூட்டின் மேலேயே இறக்குவார்கள்.

2022 பிப்ரவரி 28 அன்று கிங் ஆற்றின் அருகே இப்படிப் பணியில் இருந்த ராபின்சன் ஆர்-44 விழுந்தது. கயிற்றில் தொங்கியவர் இறந்தார். விமானி பலத்த காயமடைந்தார். மேலே குறிப்பிட்ட பாதுகாப்புப் பணியகம் 2023-ல் வெளியிட்ட இறுதி அறிக்கையின்படி, எஞ்சின் நின்றதற்குக் காரணம் எரிபொருள் தீர்ந்துபோனது. டார்வின் நகரிலிருந்து வரும் வழியில் முக்கால் தொலைவில் இருந்த எரிபொருள் கிடங்கில் நிரப்பாமல் வந்திருக்கலாம், எரிபொருள் குறைந்துவருவதை எஞ்சின் நிற்கும்வரை விமானி கண்டுகொள்ளவில்லை என்பது அதன் முடிவு. எஞ்சின் நின்றதும் விமானி தற்சுழற்சி இறக்கத்துக்கு முயன்றார், கயிற்றையும் விடுவித்தார். ஆனால் அது உயிர்பிழைக்கக்கூடிய உயரத்துக்கு மேலேயே நடந்துவிட்டது.

எரிபொருள் தீர்வதற்கு விமானியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகலாம். அறிக்கை அதோடு நிற்கவில்லை. ஒருவரைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பறப்பதற்கான அனுமதியில், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பவை பற்றி முன்பு நிபந்தனைகள் இருந்தன. ஆள் தாழ்வாகவும் மெதுவாகவும் கொண்டு செல்லப்பட்டால், எது நடந்தாலும் அவர் விழும் தொலைவு குறைவு என்பதே அவற்றின் உட்கருத்து. பின்வந்த ஆண்டுகளின் அனுமதிகளில் அந்த நிபந்தனைகள் இடம்பெறவில்லை. விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி நடைமுறையிலும், நிறுவனம் ஆபத்துகளைக் கணித்த முறையிலும் குறை இருந்ததாக அறிக்கை சுட்டியது. தாழப் பறப்பதே ஆபத்து என்று இதுவரை பார்த்தோம்; இங்கே, தொங்கும் மனிதருக்கு உயரமே ஆபத்து. அதே ஹெலிகாப்டரில் இருக்கும் இருவருக்கு வேண்டிய உயரம் இருவேறாக இருக்கிறது. இந்த முரணை வானத்தில் வைத்துத் தீர்க்க முடியாது. தரையிலேயே தீர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

விதிகளும் காப்புகளும்

பொதுவாக மக்கள் நெருக்கமில்லாத இடங்களிலும் 500 அடிக்கு, ஏறக்குறைய 150 மீட்டருக்கு, கீழே பறக்கக் கூடாது என்பது ஆஸ்திரேலியாவின் விதி. அதற்குக் கீழே வேலை செய்ய, தாழ்பறப்புக்கான தகுதியும், அதற்கு மேல் கால்நடை விரட்டுவதற்கான தனி ஒப்புதலும் பெற வேண்டும்.

தாழப் பறக்கையில் நேரும் விபத்துகளில் எல்லாமே உயிர் போக வேண்டியவை அல்ல. பல விபத்துகளில் மோதும் வேகம் குறைவே. தலையில் படும் அடியும் பின்னர் பற்றும் தீயும்தான் கொல்கின்றன. எனவே தலைக்கவசம், தோளையும் சேர்த்துக் கட்டும் வார், கிழியாத எரிபொருள் பை ஆகிய மூன்றும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். ஆர்-44 ஹெலிகாப்டர்களில் முன்பு அலுமினியத் தொட்டிகள் இருந்தன. லேசான விபத்திலும் உடைந்து தீப்பற்றியதால், தொட்டிக்குள் ரப்பர் போன்ற பையைப் பொருத்தும் மாற்றத்தை உற்பத்தியாளர் அறிமுகப்படுத்தினார். ஆஸ்திரேலியாவில் அடுத்தடுத்துப் பலர் தீயில் இறந்த பிறகு, 2013-ல் அது கட்டாயமாயிற்று. நாற்பது டிகிரி வெயிலில் தலைக்கவசம் அணிய மறுக்கும் பண்ணை விமானிகள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்கும்போது, நம்மூர் இருசக்கர வாகனக்காரர்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சில பண்ணைகளில் ஆளில்லா டிரோன்கள் விரட்டும் வேலைக்கு வந்துவிட்டன. சிறு மந்தைக்கு அவை போதும். பெருவெளியில் நாள் முழுக்கப் பறக்கும் பேட்டரி இன்னும் வரவில்லை.

இந்தியாவில்

போமா முறை இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் வட்டாரத்தில் வெளிமான்களும் நீலான்களும் பயிரை அழிப்பதாக உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். 2025 அக்டோபரில் தென்னாப்பிரிக்க வல்லுநர்களின் உதவியோடு, ராபின்சன் ஆர்-44 ஹெலிகாப்டரால் மந்தைகளைத் திரைப் புனலுக்குள் விரட்டிப் பிடித்தனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் பிடிபட்டன. அவற்றில் பெரும்பான்மை வெளிமான்கள். காந்தி சாகர், குனோ போன்ற காடுகளில் அவற்றைக் கொண்டுபோய் விட்டனர்.

ஆனால் ஷாஜாபூர் ஆஸ்திரேலியாவைப் போல வெட்டவெளி அல்ல. வயலுக்கு வயல் மோட்டார் இணைப்பு, குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பி, கிணற்றோரம் மரம், வேடிக்கை பார்க்கக் கூடும் ஊர்மக்கள். விரட்டும் பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்து, கம்பிகளை வரைபடத்தில் குறித்து, தேவைப்பட்டால் அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை அப்புறப்படுத்தி வைப்பது இங்கே ஹெலிகாப்டர் மேலெழும்பும் முன்பே முடிய வேண்டிய வேலைகள்.